14 பேர் உள்ள செஸ் கிளப்: லீக் எப்படி நடத்துவது, ஜோடிப் போட்டிகளை எங்கே சேர்ப்பது?

#1 வலக்கைவெள்ளை

நண்பர்களே, ஒரு சின்ன கிளப்புக்குப் போட்டி அமைப்பு வேண்டும். 14 பேர், வாரத்தில் ஒரு நாள், 3 மணி நேரம், 7 டிஜிட்டல் கிளாக். பலத்தில் ஏற்ற இறக்கம் அதிகம்: மேலே உள்ள 3 பேர் கீழே உள்ள 5 பேரிடம் தோற்பதே அபூர்வம். இப்போது நடப்பது நாக்-அவுட். கோப்பை திரும்பத் திரும்ப ஒரே ஆளிடம் போகிறது, கீழே இருப்பவர்கள் மெல்ல வருவதை நிறுத்திவிடுகிறார்கள்.

இன்னொரு விஷயம். உறுப்பினர்களுக்குள் சில ஜோடிகளுக்கு எப்போதும் ஒரு செல்லப் பகை உண்டு. யார் யாரை எத்தனை முறை ஜெயித்தார் என்ற கணக்கு அவர்கள் வாயில்தான் இருக்கிறது. அந்த ஆர்வம் லீக்குக்கு உதவ வேண்டும், லீக்கைக் கெடுக்கக் கூடாது. எந்த முறை சரிப்படும்?

#2 நடுவர்பார்வை

முதலில் நாக்-அவுட்டை நிறுத்துங்கள். 14 பேர் என்றால் 2 பேருக்கு பை (ஆடாமலே அடுத்த சுற்று), 6 ஆட்டம், அன்றைக்கே 6 பேர் வெளியே. முழுப் போட்டிக்கும் சேர்த்து 13 ஆட்டம்தான். கிளப்பில் வருகிறவர் ஆட வருகிறார். ஒரு ஆட்டம் ஆடி வேடிக்கை பார்க்க உட்காரச் சொன்னால் அடுத்த வாரம் வரமாட்டார்.

ஒரே நாள் போட்டி என்றால் ஸ்விஸ் நல்லது. 1895-இல் ஜூரிக்கில் முதன்முதலாகப் பயன்படுத்தியதால் அந்தப் பெயர். யாரும் வெளியேற வேண்டாம், ஒரே புள்ளியில் இருப்பவர்கள் மோதுவார்கள், ஒருமுறை மோதியவர்கள் மறுபடி மோதக் கூடாது. 16 பேர் வரை 4 ரவுண்டில் தோல்வியே காணாதவர் ஒருவர்தான் மிஞ்ச முடியும். டிராக்களால் குழப்பம் வரும் என்பதால் 5 வையுங்கள்.

ஆனால் வாரக்கணக்கில் நீளும் லீக்குக்கு 14 பேரில் ஸ்விஸ் ஒத்துவராது. முதல் ரவுண்டில் 1-க்கு 8, 2-க்கு 9 என்று மேல்பாதி கீழ்பாதியோடு மோதும். நீங்கள் சொன்ன பல வித்தியாசத்தில் அந்த ரவுண்டில் சுவாரசியமே இருக்காது. 5-ஆவது ரவுண்டுக்குள் மேலே உள்ளவர்கள் தங்களுக்குள் ஆடி முடித்திருப்பார்கள். அதற்குப் பிறகு முதலிடக்காரருக்கு எட்டாம் இடத்துக்காரரைத் தேடிப்பிடித்துப் போட வேண்டிவரும். ரவுண்டுகளின் எண்ணிக்கை ஆட்டக்காரர்களில் பாதியைத் தொடுவதற்குள் ஸ்விஸை முடித்துவிடுவது நல்லது.

எல்லோரும் எல்லோரோடும் என்று ரவுண்ட் ராபின் வைத்தால் 13 ரவுண்ட், 91 ஆட்டம். நீளம் அதிகம், பாதி ஆட்டம் ஒருதலைப்பட்சம். ஆகவே பலத்தைப் பார்த்து இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ரவுண்ட் ராபின் வையுங்கள். முடிவில் மேல்பிரிவின் கடைசி 2 பேர் கீழே, கீழ்ப்பிரிவின் முதல் 2 பேர் மேலே. அப்போது ஐந்தாம் இடத்துக்கும் ஆறாம் இடத்துக்கும் நடுவில்கூட உயிர் போகிற ஆட்டம் நடக்கும்.

#3 ஏணிக்காரர்

லீக் தவிர ஏணி முறையையும் பாருங்கள். தரவரிசைப் பட்டியலைச் சுவரில் ஒட்டிவிட்டால் போதும், பேரிங் போட (யார் யாரோடு என்று ஜோடி சேர்க்க) ஆளே வேண்டாம். விதிகள் நாலே நாலு:

உங்களுக்கு மேலே 3 இடம் வரை உள்ள யாரையும் அழைக்கலாம். அழைத்தவர் ஜெயித்தால் தோற்றவரின் இடத்தில் ஏறுவார், நடுவில் இருப்பவர்கள் ஒவ்வொரு படி இறங்குவார்கள். டிரா என்றால் இடம் மாறாது. தோற்றவர் அதே ஆளை உடனே மறுபடி அழைக்க முடியாது, நடுவில் இருவரும் வேறு ஒருவரோடு ஒரு ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும்.

அழைக்கப்பட்டவருக்கு வெள்ளை கொடுங்கள். ஏற நினைப்பவர் கறுப்பில் ஜெயித்து ஏறட்டும்.

#4 கடைசிச்சிப்பாய்

ஏணியின் நோய் ஒன்று இருக்கிறது: மேலே உட்கார்ந்தவர் ஆடாமலே இருப்பார். ஆடினால் இழப்புதான், ஆடாவிட்டால் முதலிடம் அப்படியே. மூன்று வாரம் ஆடாதவர் தானாக 2 படி இறங்குவார் என்ற விதி இல்லாத ஏணி சில மாதத்தில் செத்துவிடும்.

இன்னொன்று, கீழ்ப்படியில் இருப்பவரை யாரும் அழைக்க மாட்டார்கள். அவரே அழைக்க வேண்டும். கூச்ச சுபாவக்காரர், புதிதாகச் சேர்ந்தவர் எல்லாம் ஓரமாகவே நின்றுவிடுவார்கள். லீக்கில் இன்று உனக்கு யார் என்று அட்டவணையே சொல்லிவிடுகிறது. அதனால் ஏணி லீக்குக்கு மாற்றாகாது. இரண்டு லீக்குக்கு நடுவில் வரும் இடைவெளியில் வைக்கலாம்.

#5 ஏணிக்காரர்

@கடைசிச்சிப்பாய் ஒப்புக்கொள்கிறேன். இறங்கும் விதியை எழுதாமல் விட்டது என் தவறு.

#6 மேசை7

நேரக் கணக்கை முதலில் போடுங்கள், மற்றதெல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 180 நிமிடம் இருக்கிறது.

15+10 என்றால் ஆளுக்கு 15 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் 10 விநாடி கூடுதல். 60 நகர்வு ஆட்டத்தில் கூடுதல் மட்டும் 10 நிமிடம். ஆளுக்கு 25, ஆட்டத்துக்கு 50. யானை-சிப்பாய் எண்ட்கேம் (ஆட்டத்தின் கடைசிக் கட்டம்) ஒன்று 90 நகர்வு இழுத்தால் ஆளுக்கு 30, ஆட்டத்துக்கு 60 நிமிடம். முடிவு எழுதவும் காய்களை அடுக்கவும் 10 நிமிடம் சேர்த்தால் ரவுண்டுக்கு 70. ஆக ஒரு நாளில் 2 ரவுண்ட் தாராளமாக நடத்தலாம், 40 நிமிடம் மிஞ்சும். மூன்றாவது ரவுண்டுக்கு ஆசைப்படாதீர்கள், 210 ஆகிவிடும்.

10+5 என்றால் 90 நகர்வுக்கும் 35 நிமிடம்தான். ரவுண்டுக்கு 45 வைத்தால் மூன்று ரவுண்ட் நிம்மதியாக முடியும்.

பெயரில் குழம்ப வேண்டாம். ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) கணக்கில் அடிப்படை நேரத்தோடு 60 நகர்வுக்கான கூடுதலைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 10 நிமிடமோ குறைவோ என்றால் பிளிட்ஸ், 10-க்கு மேல் 60-க்குக் கீழ் என்றால் ராபிட். 7+3 சரியாக 10, ஆகவே பிளிட்ஸ். 10+5 கூட்டினால் 15, அது ராபிட். இது ஏன் முக்கியம் என்றால் தவறான நகர்வுக்கான தண்டனை இரண்டிலும் வேறு.

கிளாக்கில் அடிக்கடி நடக்கும் தப்பு: இன்கிரிமெண்ட்டுக்கு (நகர்வுக்கு நகர்வு நேரம் சேர்வது) பதில் டிலே முறையில் (அந்த விநாடிகள் கழியாது, ஆனால் சேரவும் சேராது) வைத்துவிடுவது. திரையில் இரண்டுமே 15, 10 என்றுதான் தெரியும். சோதனை எளிது. ஓடவிட்டு 3 விநாடியில் பொத்தானை அழுத்துங்கள். நேரம் 15:00-ஐத் தாண்டி ஏறினால் இன்கிரிமெண்ட். 15:00-லேயே நின்றால் டிலே. ரவுண்ட் தொடங்குவதற்கு முன் 7 கிளாக்கையும் இப்படிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும். நடு ஆட்டத்தில் கண்டுபிடித்தால் அந்த ஆட்டத்தை நியாயமாகத் தீர்ப்பது பெரும் பாடு.

கிளாக் எல்லாம் அறையின் ஒரே பக்கம் பார்த்திருக்கட்டும், அதாவது வெள்ளைக்காய்க்காரர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார வேண்டும். நடுவராக இருப்பவர் ஒரே நடையில் எல்லாத் திரையையும் பார்த்துவிடலாம்.

#7 குதிரைப்பாய்ச்சல்

பிரிவு லீக் சரி. ஆனால் சமநிலை வந்தால் யார் முதலிடம் என்பதை முதல் ரவுண்டுக்கு முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள். ஏன் இப்படி அடித்துச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு கணக்கு.

6 பேர்: அ, ஆ, இ, ஈ, உ, ஊ. வெற்றிக்கு 1 புள்ளி, டிராவுக்கு அரை. கடைசியில் அ-வும் ஆ-வும் 3.5. இ 3, ஈ 2.5, ஊ 1.5, உ 1.

அ: இ-யையும் ஊ-வையும் ஜெயித்தார். ஆ, ஈ, உ மூவரோடும் டிரா.
ஆ: ஈ, உ, ஊ மூவரையும் ஜெயித்தார். அ-வோடு டிரா, இ-யிடம் தோல்வி.

நேருக்கு நேர் டிரா, அது உதவாது. அடுத்து சோன்போர்ன்-பெர்கர்: நீங்கள் ஜெயித்தவர்களின் புள்ளி முழுசாக, டிரா செய்தவர்களின் புள்ளி பாதி. அ-வுக்கு 3 + 1.5 = 4.5, அதோடு (3.5 + 2.5 + 1) இல் பாதி 3.5, மொத்தம் 8. ஆ-வுக்கு 2.5 + 1 + 1.5 = 5, அதோடு 3.5-இல் பாதி 1.75, மொத்தம் 6.75. கோப்பை அ-வுக்கு.

ஆனால் அதிக வெற்றிதான் முதல் அளவுகோல் என்று வைத்திருந்தால் ஆ-வுக்கு 3 வெற்றி, அ-வுக்கு 2. கோப்பை ஆ-வுக்கு! அதே ஆட்டங்கள், அதே புள்ளிகள், விதியின் வரிசை மட்டும் வேறு. கடைசி ரவுண்ட் முடிந்தபின் இதைத் தீர்மானிக்க உட்கார்ந்தால் நட்பு கெடும்.

ரவுண்ட் ராபினில் புக்கோல்ஸ் போடாதீர்கள். எதிராளிகளின் புள்ளிகளைக் கூட்டுவது அது. எல்லோரும் எல்லோரோடும் ஆடியபிறகு, சமநிலையில் இருப்பவர்கள் அனைவருக்கும் அந்தக் கூட்டல் ஒன்றேதான் வரும். அது ஸ்விஸுக்கானது.

#8 நடுவர்பார்வை

@குதிரைப்பாய்ச்சல் கணக்கு சரி. ஆனால் கிளப் லீக்குக்கு நான் வெற்றி எண்ணிக்கையைத்தான் முதலில் வைப்பேன். 12 நகர்வில் கை குலுக்கும் டிராக்கள் அதனால் குறையும். சோன்போர்ன்-பெர்கர் இரண்டாவது.

#9 குதிரைப்பாய்ச்சல்

அதில் எனக்கு உடன்பாடு இல்லை. இ-யை ஜெயித்தது பெரிதா, கடைசியில் நிற்கும் உ-வை ஜெயித்தது பெரிதா? சோன்போர்ன்-பெர்கர் அந்தத் தரத்தைப் பார்க்கிறது, வெற்றி எண்ணிக்கை பார்ப்பதில்லை. டிரா தொல்லை என்றால் 30 நகர்வுக்கு முன் டிரா கேட்கக் கூடாது என்று தனியாக ஒரு விதி வையுங்கள்.

முதலிடத்துக்கு மட்டும் என்றால் பலகையிலேயே தீர்ப்பது எல்லாவற்றையும்விட நல்லது. இரண்டு பிளிட்ஸ், அதுவும் சமன் என்றால் அர்மகெதோன்: வெள்ளைக்கு 5 நிமிடம், கறுப்புக்கு 4, டிரா ஆனால் கறுப்பு ஜெயித்ததாகக் கணக்கு. நிறத்தைச் சீட்டுப் போட்டு எடுங்கள்.

#10 கடைசிச்சிப்பாய்

ஜோடிப் பகையைப் பற்றி யாரும் பேசவில்லையே. கிளப்பின் உயிரே அதுதான் என்று நினைக்கிறேன். ஒருவர் புதிதாக ஒரு ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள்) படிப்பதற்குக் கோப்பையைவிடப் பக்கத்து மேசைக்காரர்தான் பெரிய காரணம்.

முதல் விதி: ஆட்ட எண்ணிக்கையை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். "முதலில் 6 வெற்றி எடுப்பவர்" என்று வைக்காதீர்கள். 1984-இல் கார்போவ்-காஸ்பரோவ் உலகப் போட்டி அப்படித்தான் தொடங்கியது, டிராக்களுக்குக் கணக்கில்லை. 48 ஆட்டம், அதில் 40 டிரா, கார்போவ் 5-3 முன்னிலை, 1985 பிப்ரவரியில் முடிவில்லாமலே நிறுத்தினார்கள். அடுத்து நடந்தது 24 ஆட்டம் என்ற எல்லையோடு. 1984 முதல் 1990 வரை அந்த இருவரும் உலகப் பட்டத்துக்காக ஆடியது 5 போட்டி, 144 ஆட்டம். கணக்கு என்ன தெரியுமா? காஸ்பரோவ் 21, கார்போவ் 19, டிரா 104. இரண்டே இரண்டு வெற்றிதான் வித்தியாசம்!

கிளப்புக்கு 6 ஆட்டம் போதும். இரட்டைப்படை எண் கட்டாயம், ஆளுக்கு 3 வெள்ளை. சமமாக முடிந்தால் என்ன என்பதையும் எழுதுங்கள். பட்டம் வைத்திருப்பவரிடமே இருக்கும் என்பது பழைய வழக்கம். 1987-இல் செவில்லில் கடைசி ஆட்டத்தை ஜெயித்து 12-12 ஆக்கிய காஸ்பரோவ் அப்படித்தான் பட்டத்தைக் காத்தார். இந்த விதி இருந்தால் சவால் விடுபவர் ஆக்ரோஷமாக ஆடியே ஆக வேண்டும்.

இரண்டாவது, கணக்கை வாயில் விடாதீர்கள். ஒரு நோட்டில் ஜோடிக்கு ஒரு பக்கம்: தேதி, யார் வெள்ளை, நேரம், ஓப்பனிங், முடிவு, நகர்வு எண்ணிக்கை, இருவர் கையெழுத்து. லீக் ஆட்டம், சவால் ஆட்டம், சும்மா ஆடிய பிளிட்ஸ் மூன்றையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். "உன்னை 20 தடவை ஜெயித்தேன்" என்பதில் 17 பிளிட்ஸாக இருக்கும்.

மூன்றாவது, ஒரே ஓப்பனிங்கை வைத்து ஆடும் போட்டி. இருவரும் கிங்ஸ் கேம்பிட்டை ஒத்துக்கொண்டு, 6 ஆட்டத்திலும் அதே தொடக்க நிலை, நிறம் மட்டும் மாறி மாறி. ஒரே நிலையை இரண்டு பக்கமிருந்தும் பார்ப்பதால் இருவருமே வளர்வார்கள்.

#11 மேசை7

பலம் சமமில்லாத ஜோடிக்கு நேர ஈடு கொடுக்கலாம், அதாவது பலம் குறைந்தவருக்கு அதிக நேரம். இரண்டு பக்கத்தின் கூட்டுத்தொகை மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ரவுண்ட் இழுக்கும். 15-15 என்பதை 20-10 அல்லது 23-7 ஆக்கலாம். ஆனால் இருவருக்கும் +10 கூடுதல் இருந்தால் ஈட்டின் கூர் மழுங்கிவிடும், பலமானவர் 10 விநாடியிலேயே நன்றாக ஆடுவார். பக்கத்துக்குப் பக்கம் வேறு இன்கிரிமெண்ட் ஏற்கும் கிளாக் என்றால் பலமானவருக்கு 3 விநாடி மட்டும் வையுங்கள்.

எந்தெந்த ஜோடி சமம் என்று பார்க்க கிளப் ரேட்டிங் ஒன்று வைத்துக்கொள்ளலாம். ஈலோ கணக்குப்படி (செஸ் ரேட்டிங் போடும் முறை) 100 புள்ளி வித்தியாசத்தில் மேலிருப்பவர் ஒரு ஆட்டத்தில் சராசரியாக எடுப்பார் என எதிர்பார்க்கும் புள்ளி 0.64, 200-இல் 0.76, 400-இல் 0.9-க்கு மேல். 20 என்ற பெருக்கெண் வைத்தால் 1400 காரர் 1600 காரரை ஜெயிக்கும்போது 20 × (1 − 0.24), ஏறத்தாழ 15 புள்ளி ஏறுவார். மற்றவருக்கு அதே 15 இறங்கும். ஒரு எச்சரிக்கை: 14 பேருக்குள் மட்டும் சுற்றும் எண் அது. வெளி ரேட்டிங்கோடு ஒப்பிட்டுச் சண்டை போட வேண்டாம்.

#12 நடுவர்பார்வை

நட்பான கிளப் என்பதால் விதியைத் தளர்த்தலாம் என்று நினைக்கிறார்கள். மனக்கசப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. மூன்று இடங்கள்.

தொட்டால் ஆட வேண்டும். காயைச் சரிசெய்ய வேண்டுமானால் தொடுவதற்கு முன் "சரிசெய்கிறேன்" என்று சொல்ல வேண்டும், அதுவும் தன் முறையில் மட்டும். காஸ்லிங்கில் (ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறுவது) ராஜாவை முதலில், ஒரே கையால். யானையை முதலில் தொட்டால் அது யானை நகர்வுதான்.

தவறான நகர்வு. கிளாக்கை அழுத்தும்வரை திருத்திக்கொள்ளலாம், தொட்ட காயையே வேறு சரியான கட்டத்துக்கு ஆட வேண்டும். அழுத்திவிட்டால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதல், பிளிட்ஸில் 1 நிமிடம். இரண்டாவது முறை ஆட்டம் போச்சு.

சிப்பாய் கடைசி வரிசையைத் தொட்டதும் வேறு காயாக மாற்றுவது. பெரும்பாலான சண்டை இங்கேதான். கிளாக்கில் 6 விநாடி இருக்கும், சிப்பாயைத் தள்ளிவிட்டு, ராணி எங்கே என்று வெட்டுப்பட்ட காய்களுக்குள் கை துழாவும், கிடைக்காமல் யானையைத் தலைகீழாக வைத்து "ராணி" என்பார். தலைகீழ் யானை யானைதான். சிப்பாயை மாற்றாமலே கிளாக்கை அழுத்தினால் அது தவறான நகர்வு, அபராதமும் உண்டு, சிப்பாய் ராணியாகவே மாறும். ராணி கைக்குக் கிடைக்கவில்லை என்றால் கிளாக்கை நிறுத்திவிட்டு நடுவரைக் கூப்பிட உரிமை இருக்கிறது, அதைப் பலருக்கும் சொல்லித்தர வேண்டும். எல்லாவற்றையும்விட எளிது, ஒவ்வொரு பலகைக்குப் பக்கத்திலும் இரு நிறத்திலும் ஒரு ராணி உபரியாக வைப்பது.

நேரம் முடிந்தவர் எப்போதும் தோற்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். எதிராளியிடம் வெறும் ராஜா மட்டும் இருந்தால் டிரா.

#13 வலக்கைவெள்ளை

எல்லோருக்கும் மிக்க நன்றி. இப்படி முடிவு செய்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

7 பேர், 7 பேர் என இரண்டு பிரிவு. 7 பேர் என்றால் ஆளுக்கு 6 ஆட்டம், ஆகவே 6 ரவுண்ட். வாரம் 2 ரவுண்ட், 15+10, 3 வாரத்தில் லீக் முடியும். 4-ஆம் வாரம் சவால் ஜோடிகள். சமநிலைக்கு நேருக்கு நேர், சோன்போர்ன்-பெர்கர், வெற்றி எண்ணிக்கை என்ற வரிசை. முதலிடத்துக்கு மட்டும் பிளிட்ஸ். 2 பேர் ஏற்றம், 2 பேர் இறக்கம்.

#14 நடுவர்பார்வை

ஒரு இடத்தில் கணக்கு இடிக்கிறது. 7 ஒற்றைப்படை. ஒவ்வொரு ரவுண்டிலும் ஒருவர் சும்மா இருப்பார். ஆளுக்கு 6 ஆட்டம் என்பது சரி, ஆனால் ரவுண்ட் 7 வேண்டும். ரவுண்டுக்கு 3 ஆட்டம், மொத்தம் 21. 3 வாரத்தில் முடியாது, 4 வாரம். பெர்கர் அட்டவணை இது, முதலில் எழுதியிருப்பவர் வெள்ளை:

1: 2-7, 3-6, 4-5 (ஓய்வு 1)
2: 6-4, 7-3, 1-2 (ஓய்வு 5)
3: 3-1, 4-7, 5-6 (ஓய்வு 2)
4: 7-5, 1-4, 2-3 (ஓய்வு 6)
5: 4-2, 5-1, 6-7 (ஓய்வு 3)
6: 1-6, 2-5, 3-4 (ஓய்வு 7)
7: 5-3, 6-2, 7-1 (ஓய்வு 4)

எண்களைச் சீட்டுப் போட்டுக் கொடுங்கள். எல்லோருக்கும் சரியாக 3 வெள்ளை, 3 கறுப்பு வரும். 8 பேர் பிரிவில் இந்தச் சமம் கிடைக்காது.

வர முடியாதவர் ஆட்டத்தை முன்கூட்டியே ஆடிவிடலாம், பின்னுக்குத் தள்ளக் கூடாது. கடைசி ரவுண்டுக்கு எந்த மாற்றமும் இல்லை, எல்லா ஆட்டமும் ஒரே நேரத்தில். நடுவில் விலகுபவர் 3 ஆட்டத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் அவர் முடிவுகள் பட்டியலில் சேராது. 3 அல்லது அதற்கு மேல் ஆடியிருந்தால் அவை நிற்கும், மீதி ஆட்டங்களின் புள்ளி எதிராளிகளுக்கு.

#15 கடைசிச்சிப்பாய்

அந்த ஓய்வைத்தான் பயன்படுத்த வேண்டும்! இரண்டு பிரிவுக்கும் ஒரே அட்டவணை என்றால் ஒவ்வொரு ரவுண்டிலும் மேலே ஒருவர், கீழே ஒருவர், ஒரே எண்காரர்கள் சும்மா இருப்பார்கள். அவர்களை மோத விடுங்கள், மேசை7 சொன்ன நேர ஈட்டோடு. 3 + 3 + 1, மொத்தம் 7 பலகை. உங்களிடம் இருப்பதும் 7 கிளாக். 14 பேரில் ஒருவரும் வேடிக்கை பார்க்க வேண்டியதில்லை. லீக் புள்ளியில் சேர்க்காமல் நோட்டில் தனிப்பக்கம் எழுதுங்கள். 4-ஆம் வாரத்தில் 7-ஆவது ரவுண்ட் போக மிஞ்சும் ஒரு ரவுண்ட் நேரம் சவால் ஜோடிகளுக்கும் முதலிட பிளிட்ஸுக்கும்.

#16 வலக்கைவெள்ளை

பிரமாதம், அப்படியே செய்கிறேன். குறுக்கு ஆட்டத்தில் வெள்ளை யாருக்கு?

#17 மேசை7

கீழ்ப்பிரிவுக்காரருக்கு. நேரம் 20-10, அவர் பக்கம் 20. அந்த ஒரு கிளாக்கை மட்டும் தனியாக அடையாளம் ஒட்டி வையுங்கள், அடுத்த ரவுண்டில் லீக் பலகைக்குப் போய்விடக் கூடாது.